பீஸ் ரசீது எங்கே, அம்மா?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கத்துச் சகோதரியே, குழந்தைக்கு மூன்று வயது நிறைந்துவிட்டதா? வருஷ வருமானம் 2 லட்ச ரூபாய்க்கு உட்பட்டதுதானா? அப்படியானால் இதைக் கேளுங்கள்.

2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகள் ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை உங்களைப் போன்றவர்களுக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு. மனுக்கள் அதிகமானால் குலுக்கல்தான். சீட்டுக் கம்பெனி மாதிரி!

பள்ளி ஒரு கிலோ மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். எஸ்டேட் வேலைக்காக வந்து அம்பத்தூரில் வாடகைக்கு இருப்பவரின் ரேஷன் கார்டோ இன்னும் சொந்த ஊரைச் சொல்லிக் கொண்டிருக்கும். முதலில் விலாசத்தை மாற்றுங்கள்.

இலவசம் என்றால் பள்ளிக்கு யார் கொடுப்பது? சர்க்கார்தான். பள்ளியின் கட்டணம், சர்க்கார் ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, இரண்டில் எது குறைவோ அது. பள்ளி கணக்குக் காட்டிக் கேட்க வேண்டும். பணம் சாவகாசமாக வரும். அந்தக் கோபத்தை உங்களிடம் 'ஸ்பெஷல் பீஸ்' என்று வசூலிப்பது நியாயமா?

2025-ல் மத்திய சர்க்காரின் பணம் தாமதமானதால், சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கிற்று. ஜூன் மாதமே பீஸ் கட்டிச் சேர்த்தவர்களில் தகுதியுள்ளோருக்கு இடம் தந்து, பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவாயிற்று. ரசீது இல்லாத தாய் எதைக் காட்டிக் கேட்பாள்?

இன்னொன்று: சலுகை எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதாம் வகுப்புக்கு இப்போதே ஒரு சீட்டுப் போட்டு வையுங்கள்.