அசையாப் பாறையும் ஆழிப் பேரலையும்

லால்பாக் தோட்டத்தில் கெம்பே கவுடர் கோபுரத்தைச் சுமந்து நிற்கும் பாறையை அறியாதார் நம்முள் இலர். அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. அசையாத பொருள் எது என்றால் அதனையே காட்டுவோம். ஆனால், அதுவும் நகர்கிறது!

பூமியின் மேலோடும் அதனை ஒட்டிய அடிப்பாறையும் பல தட்டுகளாகப் பிரிந்துள்ளன. அவற்றின் கீழே, வெப்பத்தால் இளகிய பாறையடுக்கு உண்டு. அதன்மேல் நம் இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. வடக்கே ஆசியாவுடன் மோதியதால் இமயம் எழுந்தது. கிழக்கே, அந்தமான், சுமத்திராப் பக்கம், அது மற்றொரு தட்டின் அடியில் புகுகிறது. புகும் தட்டிலிருந்து வெளிப்படும் நீர் ஆழத்துப் பாறையை உருகச் செய்கிறது; அக்குழம்பே அந்தமானின் பாரன் தீவில் எரிமலையாகப் பொங்குகிறது.

அதே விளிம்புதான் 2004 டிசம்பர் 26 காலை திடீரென நழுவிக் கடலை எழுப்பியது. அலை தமிழகக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. எச்சரிப்பார் இல்லை, நாகையிலும் பிற ஊர்களிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

2007 முதல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. எனினும், கரையில் நிலம் வலுவாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, செய்திக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓட வேண்டும். விடுமுறையில் ஊர் செல்வோர் இதனை வீட்டாருக்கும் சொல்லுங்கள்.