மீன் தொட்டியில் சிவப்புப் படலமா? மருந்தைத் தேடும் முன் இதைப் படியுங்கள்!

"அத்தை, நீமோ மேலயே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது!" - ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணன் மகள் போனில் அழுதாள். 2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்ததிலிருந்து, கோமாளி மீன் என்றாலே குழந்தைகளுக்கு நீமோதான். அண்ணன் வீட்டு 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் இரண்டு நீமோக்கள் இருந்தன. அன்று மதியம் ஒன்றுதான் மிஞ்சியது.

மீனுக்கு எந்த நோயும் இல்லை. மணல் மேல் படர்ந்திருந்த சிவப்புப் படலத்தை ஒழிக்க, வெள்ளிக்கிழமை இரவு அண்ணன் ஆன்டிபயாடிக் கலந்திருந்தார். கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் பலர் செய்யும் தவறுதான் இது.

அது பாசியே இல்லை!

பார்க்கப் பாசி போல இருந்தாலும், அது 'சயனோபாக்டீரியா' என்ற பாக்டீரியா. சூரிய ஒளியில் உணவு தயாரித்து ஆக்சிஜனை வெளியிடும். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே இவற்றால்தான். செங்கடலுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக்கூட இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று கூட்டமாகப் பெருகுவதே காரணம் என்ற கருத்து உண்டு. இவ்வளவு பழைய ஆளை ஒரு மாத்திரையால் நிரந்தரமாக விரட்ட முடியுமா?

அடையாளம் காண்பது எளிது. விரலால் தொட்டால் வழவழவென்று, துணி போலத் தகடாக உரிந்து வரும். மேலே சிறு குமிழ்கள் நிற்கும். கெட்ட வாடை வரும். பழுப்பு நிறத்தில் தூசி போலப் படிந்து, தொட்டால் கலைந்தால் அது டயட்டம். புதுத் தொட்டியில் வரும், பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

மருந்து ஏன் ஆபத்து?

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது கல்லிலும் மணலிலும் வாழும் நல்ல பாக்டீரியாக்கள். புதுத் தொட்டியில் அவை நிலைபெறவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆன்டிபயாடிக் அவற்றையும் பாதிக்கலாம். இன்னொரு பக்கம், மொத்தமாகச் செத்த படலம் அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் குறைகிறது, அம்மோனியா ஏறுகிறது. அண்ணன் படலத்தை அள்ளி எடுக்காமலேயே மருந்தை ஊற்றியிருந்தார். மீன் மேலே வந்து வாயைத் திறந்ததற்கு அர்த்தம் அதுதான்.

அதற்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது?

படலம் வந்தால், தொட்டியில் எங்கோ சத்து தேங்குகிறது என்று பொருள்.

*தண்ணீர்:* குழாய் நீரிலும் போர் நீரிலும் பாஸ்பேட், நைட்ரேட் இருக்கலாம். தொட்டி நீர் ஆவியாகும், இவை ஆவியாகாது. தினமும் அதே நீரை ஊற்றி நிரப்பினால் சேர்ந்துகொண்டே போகும். குடிநீர் ஆர்.ஓ. மெஷின் பலவற்றில் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பக் கலக்கிறார்கள். கேன் தண்ணீரும் அப்படித்தான். ஆர்.ஓ.வுடன் டி.ஐ. ஃபில்டரும் சேர்ந்து, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீரே நல்லது. ஊருக்குப் பக்கத்துக் கடற்கரையில் கேனில் பிடித்து வரும் நீர் வேண்டாம். ஆற்று முகத்துவாரம் அருகில் என்றால் கழிவும் சேர்ந்தே வரும்.

*உணவு:* இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவே போதும். உறைந்த உணவை உருக்கி, வடிகட்டி, அலசிவிட்டுப் போடுங்கள். வீட்டில் ஆளுக்கு ஒரு வேளை போட்டால் மீன் தின்னாது, மணல்தான் தின்னும்!

*நீரோட்டம்:* படலம் முதலில் பிடிப்பது பெரும்பாலும் தண்ணீர் அசையாத மூலையில். வேவ்மேக்கரை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

என்ன செய்யலாம்?

1. மெல்லிய டியூபால் படலத்தை உறிஞ்சி வெளியேற்றுங்கள். டியூபை வாயால் உறிஞ்ச வேண்டாம். கையில் காயம் இருந்தால் கையுறை கட்டாயம்.

2. வாரம் ஒருமுறை 10 முதல் 15 சதவிகித நீரை மாற்றுங்கள். 150 லிட்டர் தொட்டிக்கு ஒரு 20 லிட்டர் கேன் அளவு. புது உப்பு நீரின் அடர்த்தி 1.025, வெப்பம் தொட்டியில் உள்ள அளவு.

3. விளக்கு தினமும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். படலம் அதிகம் என்றால், அள்ளி எடுத்த பிறகு மூன்று நாள் விளக்கை அணைத்து வையுங்கள். ஏர் பம்ப் மட்டும் ஓடட்டும்.

4. ப்ரோட்டீன் ஸ்கிம்மர் கப்பையும் ஃபில்டர் பஞ்சையும் அடிக்கடி கழுவுங்கள்.

5. டெஸ்ட் கிட் வாங்குங்கள். நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கினால் படலம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். சயனோபாக்டீரியாவில் பல வகைகள் காற்றில் உள்ள நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளும். பாஸ்பேட்டும் சேர்ந்து குறைய வேண்டும்.

இவ்வளவு செய்தும் முதல் வாரம் படலம் திரும்ப வரும். பதறாதீர்கள். மறுபடி உறிஞ்சி எடுங்கள். சில வாரங்களில் வேகம் குறையும். எல்லாம் செய்தும் அடங்காத தொட்டிக்குத்தான் மருந்து; அதுவும் படலத்தை அகற்றிவிட்டு, சரியான அளவில், ஏர் பம்ப் ஓடும்போது.

அண்ணன் வீட்டில் இப்போது உணவு டப்பா மகளின் பொறுப்பு. மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறாள்: 'ஒரு சிட்டிகை மட்டும். தாத்தாவுக்கும் சேர்த்துத்தான்!'