முகவர் தந்த வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால்: ஒக்லாந்தில் கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை

‘ஏஜென்சி’ என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் மனதில் வருவது காசு கட்டும் இடம்தான். மத்திய கிழக்குக்கு ஆள் அனுப்பிய முகவர்களும், ஐரோப்பாவுக்கு ஆளை ஏற்றிவிட்ட முகவர்களும் எம்மைப் பழக்கிவிட்ட விதம் அது. தாலிக்கொடியை அடகு வைத்து முகவருக்குக் கொடுத்த குடும்பங்கள் எம்மிடையே ஏராளம். அந்தப் பழக்கத்தோடு ஒக்லாந்தில் வேலை தேடப் புறப்படுபவர்கள் இரண்டு தவறுகளைச் செய்கின்றார்கள். சிலர் பயத்தில் முகவர் நிறுவனங்களின் பக்கமே போவதில்லை. வேறு சிலர், முகவர் தமக்காகத்தான் ஓடித்திரிகிறார் என்று நம்பி, கொடுக்கும் தாளிலெல்லாம் கையெழுத்து வைக்கின்றார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இங்கே முகவருக்குக் காசு கொடுப்பது ஆள் தேடும் நிறுவனம். வேலை தேடுபவர் அல்ல. நியூசிலாந்தின் 1983ஆம் ஆண்டுச் சம்பளப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஏ பிரிவு, ஒருவரை வேலைக்கு எடுப்பதற்காக வேலை வழங்குநரோ அவர் சார்பில் செயற்படுபவரோ பணம் கேட்பதையும் வாங்குவதையும் தடை செய்கின்றது. யாராவது ‘வேலைக்கு இவ்வளவு’ என்று விலை சொன்னால், அவர் தமிழராக இருந்தாலும், கோயிலில் தெரிந்தவராக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். 0800 20 90 20 என்ற அரசாங்க இலக்கத்தில் முறையிடலாம்.

காசு கொடுப்பவர்தான் முகவரின் வாடிக்கையாளர். முகவர் உங்களோடு அன்பாகப் பேசலாம். ஆனாலும் அவர் உங்கள் ஆள் அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

இரண்டு விதமான வேலை

அடெக்கோ, ஹேய்ஸ், ரான்ட்ஸ்டாட், மடிசன் போன்ற முகவர் நிறுவனங்கள் ஆட்களை இரண்டு விதமாக வேலையில் சேர்க்கின்றன. முதலாவது நேரடி நியமனம். முகவர் ஆளைத் தேர்ந்து கொடுப்பார். முதல் நாளிலிருந்தே அந்த நிறுவனம்தான் உங்கள் வேலை வழங்குநர். இரண்டாவது தற்காலிக வேலை. இதில் சட்டப்படி உங்கள் வேலை வழங்குநர் முகவர் நிறுவனமே. நீங்கள் பென்ரோஸிலோ ஈஸ்ட் தாமகியிலோ ஒரு களஞ்சியசாலையில் நின்று வேலை செய்தாலும், சம்பளம் போடுவது முகவர். உங்கள் மணித்தியாலச் சம்பளத்தைவிடக் கூடிய தொகையை அவர் அந்த நிறுவனத்திடமிருந்து வாங்குவார். இடையிலுள்ள தொகையில்தான் அவரது செலவும் இலாபமும் இருக்கின்றன.

தற்காலிக வேலையை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஊரில் பத்து வருடம் கணக்காளராக இருந்தவரிடமும் இங்கே கேட்கப்படும் முதற் கேள்வி, ‘நியூசிலாந்து அனுபவம் இருக்கிறதா?’ என்பதுதான். மூன்று மாதத் தற்காலிக வேலை அந்தக் கேள்விக்குப் பதிலைத் தரும். தொலைபேசியில் உங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல உள்ளூர் மேலாளர் ஒருவரையும் தரும். வெளிநாட்டுப் பட்டம் உள்ளவர்கள் அதை என்இசட்கியூஏ மூலம் மதிப்பிட்டு வைத்துக்கொண்டு, தமது துறைக்குரிய முகவரிடம் பதிவு செய்வது நல்லது. எந்த வேலையும் செய்வேன் என்று சொன்னால், எந்த வேலையும்தான் கிடைக்கும்.

ஆனால் தற்காலிக வேலை பல மாதங்கள் இழுபடும்போதுதான் குடும்பத்துக்குச் சிக்கல். வேலை இல்லாத வாரத்துக்குச் சம்பளம் இல்லை. நத்தாருக்கு நிறுவனம் மூடினால் வருமானமும் நிற்கும். வீட்டுக் கடனுக்குப் போனால் வேலை நிரந்தரமா என்று வங்கி கேட்கும்.

நிரந்தரமாகும் இடத்தில் உள்ள முடிச்சுகள்

முதலாவது, மாற்றுக் கட்டணம். முகவர் அனுப்பிய ஆளை நிறுவனம் நேரடியாக எடுத்தால், முகவருக்கு ஒரு தொகை கட்ட வேண்டும் என்று அவர்களுக்கிடையிலான ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்கும். குறிப்பிட்ட காலம் வேலை செய்த பின் அது குறையலாம், இல்லாமலும் போகலாம். ‘உங்களை எடுக்க விருப்பம், கொஞ்சம் பொறுங்கள்’ என்று மேலாளர் சொல்வதன் பின்னணி சில வேளை இதுவாகவே இருக்கும். எனவே சேரும் நாளிலேயே முகவரிடம் கேளுங்கள்: இந்த வேலை நிரந்தரமாக வாய்ப்பு உண்டா? எத்தனை மாதத்தின் பின் அவர்கள் கட்டணமின்றி என்னை எடுக்கலாம்?

இரண்டாவது, விடுமுறைக் கணக்கு. ஒரே வேலை வழங்குநரிடம் 12 மாதம் முடிந்தால் நான்கு வாரச் சம்பள விடுமுறையும், ஆறு மாதம் முடிந்தால் வருடத்துக்கு 10 நாள் சுகவீன விடுமுறையும் உண்டு. முகவரிடமிருந்து நிறுவனத்துக்கு மாறும்போது வேலை வழங்குநர் மாறுவதால் இந்தக் கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கும். பழைய சேவைக் காலத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கலாம். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள். சம்பளத் துண்டையும் பாருங்கள். விடுமுறைப் பணமாக 8 வீதம் ஒவ்வொரு முறையும் சேர்த்துத் தரப்பட்டிருந்தால், விலகும்போது அந்த வகையில் கையில் எதுவும் வராது.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காமல் விடுவது: 90 நாள் பரீட்சார்த்தக் காலம். 2023 டிசம்பர் 23 முதல் சிறிய, பெரிய எல்லா நிறுவனங்களும் இந்த நிபந்தனையைப் போடலாம். இந்தக் காலத்துக்குள் நிறுத்தப்பட்டால், பணிநீக்கம் நியாயமற்றது என்று முறையிட முடியாது. ஏற்கனவே அந்த வேலை வழங்குநரிடம் வேலை செய்தவருக்கு இதைப் போட முடியாது என்கிறது சட்டம். ஆனால் நீங்கள் அங்கே எட்டு மாதம் நின்றிருந்தாலும், இதுவரை முகவரின் ஊழியர் மட்டுமே. அதனால் நிரந்தர ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனை வரலாம். ‘எட்டு மாதமாக என் வேலையைப் பார்த்திருக்கிறீர்கள், இதை எடுத்துவிடுங்கள்’ என்று கேட்பதில் தவறில்லை. மரியாதையாகக் கேட்பதால் மட்டும் வேலை கைநழுவிப் போகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. இன்னொன்று: இந்த நிபந்தனை எழுத்தில் இருந்து, வேலை தொடங்கும் முன் கையெழுத்தாகியிருக்க வேண்டும். 2010இல் ஒரு மருந்தகம் தொடர்பான வழக்கில், ஊழியர் வேலையைத் தொடங்கிய பின்னரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதால் அது செல்லாது என்று தொழில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நான்காவது, வீசா. அங்கீகரிக்கப்பட்ட வேலை வழங்குநர் வீசாவில் இருப்பவர்கள், குடிவரவுத் திணைக்களத்தின் அனுமதி கிடைக்கும் முன் வேலை வழங்குநரை மாற்றக்கூடாது. பக்கத்து மேசைக்கு மாறுவதுபோலத் தோன்றினாலும் சட்டத்தின் கண்ணில் அது வேறு வேலை வழங்குநர். தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களும் தமது வீசா நிபந்தனைகளை வாசித்துவிட்டே மாற வேண்டும்.

திடீரென்று ‘நாளை வர வேண்டாம்’ என்றால்

தற்காலிக ஊழியர்களுக்கு இது பெரும்பாலும் ஒரு குறுஞ்செய்தியாகவே வருகின்றது. நிறுவனம் முகவரைக் கைகாட்டும். முகவர் நிறுவனத்தைக் கைகாட்டுவார். 2020 ஜூன் 27 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, முகவருக்கு எதிரான முறைப்பாட்டில், உங்களை வேலை வாங்கிய நிறுவனத்தையும் ஒரு தரப்பாகச் சேர்க்க விண்ணப்பிக்கலாம். பொதுவாக 90 நாட்களுக்குள் முறைப்பாட்டை எழுப்ப வேண்டும். நிறுவனத்துக்கும் அதே காலத்துக்குள் அறிவிக்க வேண்டும். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள்; வேலை செய்த மணித்தியாலங்களைக் குறித்து வையுங்கள்.

இன்று ஒப்பந்தங்கள் பெரும்பாலும் கைத்தொலைபேசிக்கே வருகின்றன. இரவு வேலை முடித்துவந்த களைப்பில், பேருந்தில் இருந்தபடி விரலால் ஒப்பமிட்டு அனுப்பிவிடுகிறோம். ஒப்பந்தத்தை வேறொருவரிடம் காட்டி ஆலோசனை பெற உங்களுக்கு நியாயமான அவகாசம் தர வேண்டும் என்பது சட்டம். கொம்யூனிட்டி லோ, சிட்டிசன்ஸ் அட்வைஸ் பியூரோ ஆகிய இரண்டும் இலவசமாக உதவுகின்றன. ‘வாசித்துவிட்டு இரண்டு நாளில் தருகிறேன்’ என்று பதில் அனுப்பிவிட்டு, அந்த இரண்டு நாளில் இவர்களில் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.