லப்... டப்... உபயம்: மூன்று பேர்!

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? பயப்படாதீர்கள், நான் பி.காம். கூட்டல், பெருக்கலைத் தாண்டி என்னாலேயே போக முடியாது.

நிமிஷத்துக்கு 72 துடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 4,320. ஒரு நாளைக்கு 1,03,680. வருஷத்துக்கு ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சம். இந்த வேலைக்கு கேஷுவல் லீவு கிடையாது. தீபாவளி போனஸ் கிடையாது. மானேஜர் திட்டினாலும் சரி, எதிர் ஃபிளாட் பெண் சிரித்தாலும் சரி, வேலை கொஞ்சம் கூடுமே தவிர நிற்காது. நின்றால் நம் கணக்கு க்ளோஸ்!

ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்துக்குள்ளே நாலு கதவுகள் திறந்து மூடுகின்றன. அதுதான் வால்வு. ரத்தம் முன்னால் போகலாம், பின்னால் வரக்கூடாது. பூராவும் ஒன் வே டிராஃபிக். அந்தக் கதவுகள் சாத்தும் சத்தத்தைத்தான் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பில் 'லப்... டப்' என்று கேட்கிறார்.

இந்தக் கதவு கெட்டுப்போவது பணக்கார வியாதி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை ஸார். நம் நாட்டில் இது பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் வியாதி. சின்ன வயசில் தொண்டை வலி, ஜுரம். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கிற வீட்டில் அது சீக்கிரம் பரவும். சரியாகக் கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் ஜுரமாக மாறும். அப்புறம் மூட்டை விட்டுவிட்டு இதய வால்வைப் பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் ஓடினால் மூச்சு வாங்கும். இருபது, இருபத்தைந்து வயசில், வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்குகிற நேரத்தில், 'வால்வை மாத்தணும்' என்பார்கள்.

மாற்றலாம். எதைப் போட்டு மாற்றுவது?

அமெரிக்காவில் 1960-லேயே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை சிகிச்சை டாக்டரும், லோவல் எட்வர்ட்ஸ் என்ற ரிடையரான இஞ்சினீயரும் சேர்ந்து, கூண்டுக்குள் ஒரு பந்தை வைத்து வால்வு செய்தார்கள். ரிடையரானபின் நம் ஊரில் பிள்ளையார் கோயில் டிரஸ்டி ஆவார்கள். அவர் இதயத்துக்கு பிளம்பர் ஆனார்! டாக்டருக்கு என்ன வேண்டும் என்று தெரியும், எப்படிச் செய்வது என்று தெரியாது. இஞ்சினீயருக்குச் செய்யத் தெரியும், எதைச் செய்வது என்று தெரியாது. இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தபோதுதான் காரியம் நடந்தது.

நமக்கு? கப்பலில்தான் வரவேண்டும். இறக்குமதி, டாலர், சுங்கம். இருபத்தைந்து வயசுக்காரனின் அப்பா நிலத்தை விற்றால்தான் வால்வு.

இந்த இடத்தில்தான் திருவனந்தபுரத்து மேஜை ஒன்று வருகிறது. ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிலையம். 1980-ல் பார்லிமெண்ட் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. ஆஸ்பத்திரி ஒரு பக்கம். பூஜப்புரையில் ராஜகுடும்பத்தின் பழைய சாட்டல்மண்ட் அரண்மனையில் ஆராய்ச்சிக்கூடம் மறுபக்கம். மகாராணி இருந்த இடத்தில் லேத்தும் செம்மறியாடும்! தலைமை ஏற்றவர் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான், இதய அறுவை நிபுணர். இஞ்சினீயரிங் பக்கம் ஜி.எஸ்.புவனேஷ்வர். 'வால்வை நாமே செய்வோம்' என்று 70-களின் பிற்பகுதியில் ஆரம்பித்தார்கள்.

நம்மில் பலர் நினைக்கலாம், 'இதென்ன பிரமாதம், ஒரு வளையம், ஒரு வில்லை, அவ்வளவுதானே?' என்று. அதே கேள்வியை கும்மிடிப்பூண்டி லோக்கலில் என்னிடம் கேட்டார் ஒரு நண்பர். சிப்காட்டில் ஒரு பட்டறையில் சூபர்வைசர். தினமும் காலையில் ரயிலேறுகிற ஆசாமி. எண்ணூர் தாண்டியதும் பேச்சு சூடுபிடித்தது.

"நாங்க மைக்ரான் கணக்குல கடையறோம் சார். தலைமுடியைப் பல பாகமாப் பிளந்த மாதிரி. கார்க்காரன் ஒண்ணு ரெண்டு ரிஜெக்ட் பண்ணுவான், மத்தபடி பிரமாதம். ஒரு வளையம் கடைய முடியாதா எங்களால?"

"முடியும் அண்ணே. ஆனா, அந்த ஒண்ணு ரெண்டு ரிஜெக்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டா?"

மீஞ்சூர் வரை அவர் பேசவில்லை.

விஷயம் அதுதான். காரில் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். இதயத்துக்குள் வைத்துத் தைத்ததை வாரண்டி கார்டைக் காட்டி மாற்ற முடியுமா? அதோடு, உடம்பு ஒரு கண்டிப்பான வாட்ச்மேன். அந்நியப் பொருள் எது வந்தாலும் விரட்டப் பார்க்கும். ரத்தம் அதன்மேல் உறையப் பார்க்கும். துருப்பிடிக்காமல், தேயாமல், விஷம் கசியாமல், உடம்போடு சண்டை போடாமல் இருக்கிற பொருளுக்குத்தான் உயிரியப் பொருள் என்று பெயர். சம்பந்தி வீட்டில் தங்குகிற மாதிரி. இருக்கவும் வேண்டும், இருப்பது தெரியவும் கூடாது!

சித்திராக்காரர்கள் பட்ட பாட்டைச் சும்மா சொல்லக்கூடாது. முதல் மாதிரியில் வெல்டிங் வைத்த இடம் உடைந்தது. அடுத்ததில் வில்லைக்கு நீலக்கல், அதாவது செயற்கை சஃபையர். ஜாதகம் பார்த்துப் போட்டதல்ல, கெட்டியான பொருள் என்பதால் போட்டது. அது தன்னைத் தாங்கிய டைட்டானியத்தைத் தேய்த்துவிட்டது. சரி என்று உலோகத்தை மாற்றினார்கள். ஆட்டுக்கு வைத்துப் பார்த்தபோது நீலக்கல்லே உடைந்தது. நாலாவது தடவை, கோபால்ட்-குரோமியம் கலந்த ஹேய்ன்ஸ்-25 என்ற உலோகத்தில், ஒட்டுவேலையே இல்லாமல் ஒரே கட்டியிலிருந்து கடைந்த சட்டம். சுற்றிலும் தையல் போட பாலியெஸ்டர் துணி வளையம். நடுவே சாய்ந்து சாய்ந்து திறக்கிற வில்லை எதனால் செய்தது தெரியுமா? பாலிதீன்!

நிஜம்தான். நம் கேரி பேக்கின் ஒன்றுவிட்ட பெரியப்பா பிள்ளை. மூலக்கூறு மட்டும் பலமடங்கு நீளம். லேசில் தேயாது. செயற்கை இடுப்பு மூட்டில் 60-களிலிருந்தே வேலை பார்த்துவந்த அனுபவஸ்தன். நீலக்கல் தோற்ற இடத்தில் பிளாஸ்டிக் ஜெயித்தது.

இந்த நாலு மாதிரிக்கும் ஆன வருஷங்களை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு மாமாங்கம். இந்தக் காலத்தில் விற்பனை பூஜ்யம், லாபம் பூஜ்யம். நம் கம்பெனி ஒன்றில் மூன்று குவார்ட்டர் நஷ்டம் காட்டினால் மானேஜர் நாற்காலி ஆடும். பன்னிரண்டு வருஷ நஷ்டத்தைத் தாங்கக்கூடிய முதலாளி ஒருவர்தான், அரசாங்கம். அதாவது நீங்களும் நானும் கட்டிய வரி.

அவசரப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கும் உதாரணம் உண்டு. உலகப் புகழ்பெற்ற பியோர்க்-ஷைலி வால்வில் ஒரு ரகம். வெல்டிங் செய்த கம்பி உள்ளேயே முறிந்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். 1986-ல் மார்க்கெட்டிலிருந்து வாபஸ். வெல்டிங் ஆய்வுக்கூடத்திலேயே உடைந்தது ஒரு வகையில் நம்முடைய அதிர்ஷ்டம். மனிதருக்குள் உடையவில்லை.

சித்திரா வால்வை மெஷினில் போட்டு வேகவேகமாகத் திறந்து மூடிப் பார்த்தார்கள். 35 கோடி தடவைக்கு மேல். நம் ஆரம்பக் கணக்கின்படி வகுத்தால் ஒன்பது வருஷத்துக்கு மேற்பட்ட இதயத்துடிப்பு. அதன்பின் 1990 டிசம்பரில் முதல் நோயாளி. 1995 ஜனவரி வரை ஆறு மருத்துவ நிலையங்களில் 306 பேருக்கு வைத்துப் பின்தொடர்ந்து பார்த்தார்கள்.

சரி, வால்வு ரெடி. அரண்மனையில் பத்து செய்யலாம், நூறு செய்யலாம். ஆயிரக்கணக்கில் செய்வது யார்? இங்கேதான் மூன்றாவது ஆள். சென்னையின் டி.டி.கே. குழுமம். 'பிரஷர் குக்கர் கம்பெனிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்காதீர்கள். குக்கருக்கும் வால்வு உண்டே! தொழில்நுட்பத்தை வாங்கி, திருவனந்தபுரத்திலேயே தொழிற்சாலை போட்டு, டி.டி.கே. சித்திரா என்ற பெயரில் 90-களின் நடுவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டு வால்வைவிட விலை கணிசமாகக் குறைவு. ஆனாலும் 'இந்தியச் சரக்கா?' என்று முகம் சுளித்த டாக்டர்கள் இருந்திருப்பார்கள். ஒவ்வொருவராக நம்பவைக்க வேண்டும். அது கம்பெனியின் பாடு. அப்புறம் லட்சம் பேருக்கு மேல் இந்த வால்வு பொருத்தப்பட்டுவிட்டது. 2024 ஜூலையில் டாக்டர் வலியத்தான் மறைந்தபோது, அவர் பெயரே தெரியாத எத்தனையோ மார்புகளுக்குள் அவருடைய பாலிதீன் வில்லை திறந்து மூடிக்கொண்டிருந்தது.

ஒரு எச்சரிக்கை. இது மாயமந்திரம் இல்லை. இயந்திர வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும், அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். மாத்திரையை மறந்தால் நல்ல வால்வும் நட்டாற்றில் விட்டுவிடும்.

நம்ம மதுரைக்கு வாருங்கள். இங்கிலாந்தில் ஹெரால்ட் ரிட்லி என்ற கண் டாக்டர், யுத்த விமானிகளின் கண்ணில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் கண்ணாடிச் சில்லு உறுத்தாமல் கிடப்பதைக் கவனித்தார். 1949-ல் அதே பொருளில் லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தார். அந்த லென்ஸ் நம் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தபோது, அரவிந்த் கண் மருத்துவமனையினர் 1992-ல் ஆரோலேப் தொடங்கி மதுரையிலேயே செய்தார்கள். விலை பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. 'தாத்தாவுக்கு லென்ஸ் வெச்சாச்சு' என்று இன்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதன் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா சீனிவாசனின் குழு, எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' சக்கர நாற்காலியை சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸோடு சேர்ந்து 2019-ல் கொண்டுவந்தது. 2022-ல் 'கதம்' என்ற செயற்கை முழங்கால். இங்கேயும் அதே மூன்று கால் முக்காலி. படிப்பு, பட்டறை, பணம்.

இனி நம்ம திருவள்ளூர் ஜில்லா. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் சிப்காட். பொன்னேரி தாலுகா வாயலூர் பக்கம் பிளாஸ்டிக் தொழிலுக்கென்றே டிட்கோ பூங்கா. ஆவடிப் பக்கம் தடுக்கி விழுந்தால் இஞ்சினீயரிங் காலேஜ். திருவள்ளூரிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி. கூப்பிடு தூரமில்லாவிட்டாலும், பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில் சுமார் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா. மத்திய அரசு நாலு மாநிலங்களுக்குத் தலா 100 கோடி தருவதாகச் சொன்ன திட்டத்தில் நமக்கும் ஒன்று. பணம் எதற்கு? சின்னப் பட்டறைக்காரர் தனியாக வாங்க முடியாத பரிசோதனைக்கூடம் மாதிரியான பொது வசதிகளுக்கு.

ஆக, இரும்பு இருக்கிறது, பிளாஸ்டிக் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். பாக்கி என்ன? அறிமுகம்தான்! காலேஜ் பையன் புராஜெக்டை பைண்டு பண்ணி அலமாரியில் வைக்கிறான். பட்டறைக்காரர் கார் ஆர்டருக்குக் காத்திருக்கிறார். டாக்டர் வெளிநாட்டு கேட்லாக் புரட்டுகிறார். மூன்று பேரும் ஒரே ரயிலில் வந்தாலும் வேறு வேறு பெட்டி. நம் நாட்டு மருத்துவக் கருவிகளில் 70 முதல் 80 சதவீதம் இறக்குமதி என்று பல காலமாகச் சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்னைக் கேட்டால், நாலாவதாக ஒருவர் வேண்டும். வாங்குகிறவர். இந்த இடத்தில் தமிழ்நாடு கொடுத்துவைத்தது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாக மருந்து வாங்குவதில் மற்ற மாநிலங்களுக்கு வாத்தியார். 2009-லிருந்து அரசு காப்பீட்டுத் திட்டமும் உண்டு. 'தரம் இருந்தால் வாங்கிக்கொள்கிறோம்' என்று ஒரு உத்தரவாதம் இருந்தால் பட்டறைக்காரர் தைரியமாகக் கடன் வாங்குவார். ஆனால் தரம் என்ற வார்த்தைக்கு அடிக்கோடு போட வேண்டும். விலை குறைந்த டெண்டருக்கே ஆர்டர் என்று மட்டும் பார்த்தால், வெல்டிங் விட்ட கதைதான். 2020 ஏப்ரலிலிருந்து எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கண்காணிப்புக்குள் வந்திருப்பது நல்ல காரியம். ஃபைல் ஜாஸ்தியாகும், புலம்பல் ஜாஸ்தியாகும். ஆகட்டும்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது சூபர்வைசர் நண்பர் கேட்டார்:

"அந்த வேலை எங்க பட்டறைக்கு வந்தா, ரிஜெக்ட் எத்தனை சார் அலவ் பண்ணுவாங்க?"

"சைபர்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப பசங்களுக்கு மொதல்ல டிரெய்னிங் குடுக்கணும்" என்றபடி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். இதுவரை நான் கேட்ட தொழிற்கொள்கை அறிக்கைகளிலேயே சுருக்கமானதும் உருப்படியானதும் அதுதான்.