பின்சக்கரம் தள்ளும் குடும்பக் கார்

நான்கு சக்கரங்களுள் எந்த இரண்டிற்கு எஞ்சினின் விசையை அளிப்பது என்பது மோட்டார்ப் பொறியியலில் ஒரு பழைய கேள்வி. 1950-களின் இறுதி முதல் 2014 வரை இந்தியாவில் உற்பத்தியான அம்பாஸடர் காரில் எஞ்சின் முன்புறம் இருந்தது. விசை பெற்றவையோ பின்சக்கரங்கள். 1983-இல் வெளிவந்த மாருதி 800 முன்சக்கரங்களால் இயங்கியது. அதன்பின் மலிவான கார்களில் இம்முறையே பெரும்பாலும் வழக்காயிற்று. எனினும் பழைய அமைப்பின் அநுகூலங்கள் பௌதிக விதிகளைச் சார்ந்தவை. ஆதலின் இன்றும் ஆராயத்தக்கவை.

ஏற்றமும் பிடிப்பும்

சக்கரம் வண்டியை நகர்த்துவது சாலையோடு அதற்குள்ள உராய்வினாலேயாம். சக்கரத்தின்மேல் அழுந்தும் பாரம் மிகுந்தால் உராய்வும் மிகும். ஐவர் அமர்ந்து, மூட்டைகளும் ஏற்றிய ஒரு வண்டியின் மொத்த எடை 1,400 கிலோகிராம் என்றும், சமதரையில் அது முன்னும் பின்னும் சமமாகப் பகிரப்படுகிறது என்றும் கொள்வோம். இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 2.5 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 60 சென்டிமீட்டர். 5 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் பாதையில் இவ்வண்டி நிற்குமாயின், சுமார் 65 கிலோகிராம் பாரம் முன்சக்கரங்களை விட்டுப் பின்சக்கரங்களுக்கு மாறுகிறது. மழையில் நனைந்த மலைப்பாதையில் நின்று மீண்டும் புறப்படுகையில், பின்சக்கரங்கள் விசை பெற்றால் இப்பாரம் பிடிப்பாகப் பயன்படும். முன்சக்கரங்கள் பெற்றால் அவை பிடிப்பின்றி வீணே சுழலக்கூடும்.

திருப்புதலும் பழுதுபார்த்தலும்

பின்சக்கர இயக்கத்தில் முன்சக்கரங்களுக்கு வண்டியை இழுக்கும் பொறுப்பு இல்லை; ஆதலால் வேகத்தைக் கூட்டும்போது ஸ்டியரிங் ஒருபுறம் இழுபடுவதில்லை. முன்சக்கர இயக்கத்திலோ, திரும்பியவாறே விசையைக் கடத்தும் விசேஷ மூட்டுகள் வேண்டும். அவற்றின் ரப்பர் உறை கிழிந்தால் மணலும் நீரும் புகுந்து மூட்டுகள் விரைவில் தேயும்.

குறைகளும் உண்டு

விசையைப் பின்னே கொண்டு செல்லும் நீண்ட தண்டு எடையையும் விலையையும் கூட்டுகிறது; அதற்கு இடம்விடக் காரின் தளத்தில் எழும் மேடு பிரயாணிகளின் கால்வைக்கும் இடத்தைக் குறைக்கிறது. வண்டி காலியாகச் செல்கையில் பின்சக்கரப் பிடிப்பும் குறைவு; ஈரமான வளைவில் திடீரென வேகத்தைக் கூட்டினால் பின்புறம் வழுக்கிச் செல்லும். 2009-இல் விற்பனைக்கு வந்த டாட்டா நானோவில் எஞ்சினே பின்புறம் அமைந்தமையால் நீண்ட தண்டு தேவைப்படவில்லை. ஆனால் சாமான்கள் வைக்கும் இடம் சுருங்கிற்று.

ஆகவே, சமவெளி நகரில் ஒருவரோ இருவரோ செல்லும் வண்டிக்கு முன்சக்கர இயக்கம் சிக்கனமானது. குடும்பம் முழுவதையும் சுமந்து மலையேற வேண்டிய வண்டிக்கோ பின்சக்கர இயக்கமே பொருத்தமானது எனலாம்.