வீடு தேடு படலம்

உத்தியோகத்தின் பொருட்டுக் கொழும்புக்கு வருகின்ற யாழ்ப்பாணத்தவன் ஒருவனுடைய வாழ்க்கையைக் காவியமாகப் பாடப் புகுந்தால், அதன் முதற் படலம் வீடு தேடு படலமாகவே அமையும். சென்ற மாதம் என் தங்கையின் மகள் ஊரிலிருந்து வந்து என் வீட்டு விறாந்தையில் அமர்ந்தபோது அந்தப் படலம் மறுபடியும் தொடங்கிற்று. அவளுக்குக் கொழும்பிலே ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கணவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. மடியிலே மூன்று வயதுக் குழந்தை.

"மாமா, வெள்ளவத்தையில இரண்டு அறை வீட்டுக்கு என்ரை சம்பளத்தில முக்கால்வாசி போயிடும். அதுக்கு மேல ஒரு வருஷ முற்பணம் கேக்கினம். வத்தளைப் பக்கம் அரைவாசி வாடகைக்கு ஒரு வீடு இருக்கெண்டு தரகர் சொல்லுறார். எடுக்கட்டோ?"

எடு என்றோ விடு என்றோ உடனே சொல்ல எனக்கு நா எழவில்லை. அதே கேள்விக்கு 1988ஆம் ஆண்டிலே, எவரையும் கேளாமல், நானே விடை சொல்லிக்கொண்டவன்.

1987 ஒக்டோபரிலே யாழ்ப்பாணத்தில் மூண்ட போர் எத்தனையோ குடும்பங்களைக் கொழும்புக்கு ஓட்டியது. நானும் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இடமாற்றம் பெற்று, மணமாகி ஓராண்டும் நிறையாத மனைவியுடன் வந்து சேர்ந்தேன். வந்தவர் யாவரும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று அந்த மூன்று நான்கு பெயர்களையே உச்சரித்தார்கள். கேட்பவர் பெருகப் பெருக வாடகையும் ஏறிற்று. குடியிருப்பவரை இலகுவில் எழுப்ப விடாத 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தை நினைத்து அஞ்சிய வீட்டுக்காரர், அந்த அச்சத்துக்கும் சேர்த்து முற்பணம் கேட்டார்கள். இலண்டனிலோ கனடாவிலோ பிள்ளையுள்ளவர் கொடுத்தார்கள். எனக்கோ ஆசிரியச் சம்பளம் ஒன்றே கதி.

தரகர் ஒருவர் என்னை வெல்லம்பிட்டிக்கு அழைத்துச் சென்றார். தனி வீடு, முற்றத்திலே ஜம்பு மரம், சொந்தக் கிணறு, வாடகை வெள்ளவத்தையின் அரைவாசிக்கும் குறைவு. சுவர்களெல்லாம் புதிதாக வெள்ளையடித்துக் கண்ணைப் பறித்தன. குடிவருபவருக்காகச் செலவு செய்து வெள்ளையடித்திருக்கும் வீட்டுக்காரர் எத்துணை நல்லவர் என்று எண்ணினேன்! அன்றிரவே தாளும் பேனையும் எடுத்து, ஆண்டொன்றுக்கு எவ்வளவு மிஞ்சும், அதில் அம்மாவுக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று கணக்கிட்டேன். கூட்டலிலே பிழையில்லை. கூட்ட வேண்டியவற்றுட் பலவற்றை எழுதாமல் விட்டதுதான் பிழை.

காலையிலே வெல்லம்பிட்டியிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து காலி வீதி வழியே பாடசாலைக்கு இன்னொன்று. மாலையிலும் அவ்வாறே. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் தெருவிலே கழிந்தது. அப்போது தென்னிலங்கையும் கொந்தளித்துக்கொண்டிருந்த காலம். பஸ் ஓடாத நாட்களில் நடந்தே வீடு வந்ததுண்டு. என்னிலும் கொடிய வாடகை கொடுத்தவள் என் மனைவி. சிங்களத்தில் ஒரு சொல்லும் அறியாத அவள், நான் திரும்பும் வரை கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தாள். மீன்காரனுக்கு விரலாற் காட்டி மீன் வாங்கினாள். ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தபாலில் இடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாள் என்பது வெகுநாட்களின் பின்னரே எனக்குத் தெரியவந்தது. அழுகையாக எழுதியவற்றை அனுப்ப மனம் வரவில்லையாம்.

அடுத்த வளவிலிருந்த சிங்களப் பெண்மணி ஒருத்திதான் வேலிக்கு மேலாகப் பேசிப் பேசி அவளுக்கு அந்த மொழியைக் கற்பித்தாள். "நங்கி" என்றே அழைப்பாள்.

1989 ஜூன் மாதம். மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. எங்கள் தலைக்கு மேலே பெய்த மழை அப்படியொன்றும் பெரிதன்று. ஆனால், களனி கங்கை கொழும்பின் மழையைக் கேட்டுப் பெருகுவதில்லை. மலைநாட்டிலே கொட்டிய நீர் இறங்கிவரச் சில வேளை எடுக்கும். இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு கரை கடக்கும். நள்ளிரவில் அந்தப் பெண்மணி கதவைத் தட்டி, "நங்கி, வத்துர எனவா!" என்று கூவினாள். தண்ணீர் வருகிறது! வாசற்படிக்கு வந்துவிட்டது. அவளுடைய மகன் இருவரும் நானுமாக என் மனைவியைத் தாங்கி, இடுப்பளவு நீரில், மேட்டிலிருந்த அவர்களுடைய உறவினர் வீட்டு மாடிக்குக் கொண்டு சேர்த்தோம். மூன்று நாட்கள் அங்கேயே உண்டோம், உறங்கினோம்.

திரும்பி வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. என் புத்தகப் பெட்டிகள் இரண்டும் களியாகிவிட்டன. ஊறிப்போன வெள்ளை பாளம் பாளமாக உரிந்திருந்தது. அதன் கீழே, நெஞ்சளவு உயரத்திலே, அடிமட்டம் வைத்து வரைந்தாற்போலப் பழுப்பு நிறக் கோடு ஒன்று சுவரைச் சுற்றி ஓடிற்று. முன்னொரு வெள்ளம் போட்ட கோடு அது. எங்கள் வெள்ளத்தின் கோடு அதற்கு ஒரு சாண் கீழே ஈரமாக இருந்தது. வாடகை ஏன் குறைவு என்பதைச் சுவர் எப்போதோ எழுதிவைத்திருக்கிறது. வீட்டுக்காரர் அதன்மேல் வெள்ளையடித்திருக்கிறார்.

நகரம் வளரும்போது மேட்டுநிலம் முதலில் விலைப்படும். மலிவாக எஞ்சுவது சதுப்பும் ஆற்றங்கரையும். அவற்றை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டுகிறார்கள். முன்னர் அங்கே தங்கிய நீர் அடுத்தவன் முற்றத்தைத் தேடிப் போகிறது. 2016 மே மாதத்திலும் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நீரில் மூழ்கின. ஈரநிலங்களுக்காகக் கொழும்பு 2018இலே சர்வதேச அங்கீகாரம் பெற்றதென்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

மனைவியின் காப்பு இரண்டை விற்று முற்பணம் கட்டி வெள்ளவத்தையில் ஓர் 'அனெக்ஸ்' பிடித்தோம். ஓர் அறை, விறாந்தை மூலையே அடுக்களை. ஜம்பு மரம் போயிற்று, கிணறு போயிற்று. கடற்காற்றிலே யன்னற் கொளுக்கிகள் துருப்பிடித்தன. ஆயினும் மனைவி தனியாகச் சந்தைக்குப் போனாள். வைத்தியரிடம் தன் நோவைத் தன் மொழியிலே சொன்னாள். புகையிரதம் ஏறினால் கோட்டை எட்டு கிலோமீற்றர்தான். மாலையிலே 1942இல் தோன்றிய தமிழ்ச் சங்கத்துக்கு நடந்தே சென்று, இழந்த புத்தகங்களிற் சிலவற்றை அந்த நூலகத்திலே மறுபடியும் வாசித்தேன். எங்கள் மகன் அந்த அறையிலேதான் தவழ்ந்தான்.

இதனால், தமிழர் சேர்ந்திருக்கும் இடமே பாதுகாப்பானது என்று வாதிடுகிறேன் எனக் கொள்ளற்க. 1983 யூலையில் வெள்ளவத்தையும் எரிந்தது. 2007 ஜூன் 7ஆந் திகதி விடுதிகளில் இருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். அவர்களுட் பலர் நம்மவர் நடுவே தங்கியிருந்தவர்களே. என் குடும்பத்தை வெள்ளத்திலிருந்து தூக்கியவர்களின் மொழியோ வேறு. இன்று தொடர்மாடியில் வாழ்கிறேன். எதிர்க் கதவுக்குள் இருப்பவர் பெயரை அறிய எனக்கு இரண்டாண்டுகள் சென்றன.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மருமகள், "அப்ப வத்தளை வேண்டாமெண்டு சொல்லுறியளோ?" என்றாள்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லைப் பிள்ளை. தரகர் உன்னை என்றைக்கு வரச் சொன்னவர்?"

"ஞாயிற்றுக்கிழமை காலமை."

தரகர்கள் எக்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையையே விரும்புவர். அன்று நீர்கொழும்பு வீதி வெறிச்சோடிக் கிடக்கும். 2021இலே புதிய களனிப் பாலம் திறந்தபின் நெரிசல் தணிந்தது என்பது உண்மையே. எனினும் வேலைநாட் காலை ஏழு மணிக்கு அவ்வழியே வந்து பார்த்தவனுக்கே வாடகையின் மறுபாதி தெரியும். வெள்ளவத்தைக்கு அடுத்த நிலையமாகிய தெஹிவளையையும் பார்க்கச் சொன்னேன். வாடகை சற்றுத் தணிவு, புகையிரதமும் உண்டு. பார்த்தாள். அதுவும் கைக்கு எட்டவில்லை.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலை இருவருமாக வத்தளைக்குச் சென்றோம். முத்துராஜவெலச் சதுப்பு தொலைவில் இல்லை என்பது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. வீடு அழகானது. சுவருக்குப் புத்தம் புதிய பெயின்ற். தரகர் குளியலறையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்க, மருமகள் குழந்தையை என்னிடம் தந்துவிட்டுச் சுவரோரமாகக் குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். நான் வெளியே வந்து, அடுத்த வீட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த மூதாட்டியிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். அவள் விளக்குமாற்றை நிறுத்தி, குனிந்து, தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். பின்னர், தெரு மேடேறும் பக்கத்தைச் சுட்டி, அரசமரத்துக்கு அப்பால் வருவதில்லை என்றாள். அங்கேயும் ஒரு வீடு காலியாம், வாடகை கொஞ்சம் கூடவாம்.

மருமகள் குழந்தையை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்தாள். தரகர் எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்.