கணினிப் படிப்பு: மூன்றாம் ஆண்டில்தான் கவனம் தேவை

பொறியியல் கலந்தாய்வு முடிந்தால் நம் தெருக்களில் பேச்சு ஒன்றுதான். யாருக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு? கணினி அறிவியல் கிடைத்துவிட்டால் வீடே நிமிர்ந்து நிற்கிறது. ஆதிதிராவிடருக்கு 18 விழுக்காடு, அதனுள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு என்ற இடஒதுக்கீடுதான் அந்த வாசலைத் திறந்தது. 2009-இல் வந்த அருந்ததியர் உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது.

உள்ளே போன பிள்ளை மூன்றாம் ஆண்டில் என்ன படிக்கிறது என்று மட்டும் நாம் கேட்பதில்லை. தனியார் மென்பொருள் நிறுவனங்களில் இடஒதுக்கீடு கிடையாது. கல்லூரி வாசல் வரை சட்டம் துணைக்கு வரும். நேர்காணல் அறைக்குள் படித்த பாடம்தான் துணை.

முதல் ஆண்டில் கணிதம், இயற்பியல், நிரல் எழுதும் அடிப்படை என்று போகும். இரண்டாம் ஆண்டில் தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம், தரவுத்தளம், இயங்குதளம் வரும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி ஐந்தாம் செமஸ்டரில் கணினி வலையமைப்பு, கம்பைலர் வடிவமைப்பு, இணையப் பாதுகாப்பு ஆகியவை வருகின்றன. ஆறாம் செமஸ்டரில் மென்பொருள் பொறியியல். கடைசி செமஸ்டரில் புராஜெக்ட். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய செங்கல் போன்றவை இவை. கீழே ஒன்று ஆடினால் மேலே உள்ளதும் ஆடும்.

பெயர்கள் மிரட்டலாம், கருத்துகள் நம் வாழ்வுக்கு அந்நியமானவை அல்ல. இயங்குதளப் பாடத்தில் 'டெட்லாக்' என்று ஒன்று வரும். பம்புசெட் அறைச் சாவி ஒருவரிடம், மின்பெட்டிச் சாவி இன்னொருவரிடம். 'நீ முதலில் கொடு' என்று இருவரும் பிடிவாதமாக நின்றால் யார் வயலுக்கும் தண்ணீர் பாயாது. கணினிக்குள் இரண்டு நிரல்கள் இப்படி நின்றுவிட்டால் அதற்குப் பெயர் டெட்லாக். தரவுத்தளப் பாடத்தில் 'டிரான்சாக்ஷன்' வரும். ஒரு கணக்கில் பணம் கழிந்து, மறு கணக்கில் சேராமல் பாதியில் நின்றுவிடக் கூடாது. நடந்தால் முழுதும் நடக்க வேண்டும், இல்லையேல் எதுவுமே நடக்கவில்லை என்றாக வேண்டும். அதைத்தான் அது சொல்லித் தருகிறது. கம்பைலர் என்பது மொழிபெயர்ப்பாளர். நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது அதன் வேலை.

அப்படியானால் நம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்? பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்தவருக்குப் பாடநூல் முழுதும் ஆங்கிலம். வீட்டில் மடிக்கணினி இல்லை. மாலை கல்லூரிப் பேருந்து கிளம்பும்போது ஆய்வகமும் பூட்டப்படுகிறது. சந்தேகம் கேட்டால் 'கோட்டாவில் வந்தவன்' என்ற பார்வை வருமோ என்று வாய் திறப்பதில்லை. ஓர் அரியர் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. நிலுவையில் அரியர் உள்ளவரை வளாக நேர்காணலுக்குப் பல நிறுவனங்கள் அழைப்பதே இல்லை. மதிப்பெண்ணில் குறைந்தவர் என்பதல்ல, கேட்க ஆளின்றி விடப்பட்டவர் என்பதே உண்மை.

பணச் சிக்கலும் அப்போதுதான் கழுத்தை நெரிக்கும். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு உட்பட்ட பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. தனியார் கல்லூரிகளில் படிப்போருக்கும் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்பதற்கு 2012-ஆம் ஆண்டின் அரசாணை எண் 92 இருக்கிறது. ஒன்றிய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு இப்போது மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. அதைக் கல்லூரியில் கட்டி ரசீது வாங்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால் கடைசி ஆண்டில் அதுவே நிலுவையாக நிற்கும். ஆதார் இணைந்த கணக்கு, சாதிச் சான்று, வருமானச் சான்று மூன்றையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பள்ளம், கடைசி ஆண்டு புராஜெக்ட். நகரங்களில் ஆயத்த புராஜெக்டை விலைக்குத் தரும் கடைகள் உண்டு. கடன் வாங்கியாவது பணம் கட்டி, அச்சடித்த அறிக்கையோடு வந்துவிடுகிறார்கள். நேர்காணலில் 'இந்த வரியை ஏன் எழுதினாய்?' என்ற ஒரே கேள்வியில் அந்தப் பணம் கரைந்துபோகும். சிறிதானாலும் சொந்தமாகச் செய்ததே பேசும். நம் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி எந்தெந்த நாளில் நிரம்பவில்லை என்று பதிவு செய்யும் செயலி, நூறு நாள் வேலையில் கூலி வந்த தேதியைக் கணக்கு வைக்கும் தளம் என்று எடுத்துக்கொள்ளலாமே! லினக்ஸ், பைத்தான், போஸ்ட்கிரஸ் எல்லாம் இலவசம். பழைய மடிக்கணினியே இதற்குப் போதும். எழுதிய நிரலை கிட்ஹப் தளத்தில் காசில்லாமல் சேமித்துவைத்து, நேர்காணலில் காட்டவும் முடியும்.

வகுப்பில் புரியாததை மறுபடி கேட்க என்பிடிஇஎல் இருக்கிறது. ஐஐடி, ஐஐஎஸ்சி ஆசிரியர்களின் முழுப் பாடங்கள் அங்கே உள்ளன. கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்கான தேர்வு எழுதினால் மட்டுமே கட்டணம்.

மேற்படிப்புக்கான வழியும் இதே பாடங்களில்தான் இருக்கிறது. கேட் தேர்வின் கணினி அறிவியல் தாளில் அல்காரிதம், இயங்குதளம், தரவுத்தளம், வலையமைப்பு, கம்பைலர் எல்லாம் உண்டு. செமஸ்டருக்குப் படிப்பதே கேட் தேர்வுக்கும் உதவும். மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி., பி.சி.ஏ. படிப்போரும் எழுதலாம். பட்டியலின, பழங்குடி மாணவருக்கு விண்ணப்பக் கட்டணம் பாதி. தகுதி மதிப்பெண், பொதுப் பிரிவினருக்கானதில் மூன்றில் இரண்டு பங்கு. தேர்ச்சி பெற்று எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். வீட்டில் பணம் கேட்காமல் படிக்க அது பெரிய துணை.

இதில் ஊருக்கும் பங்கு உண்டு. படித்து வேலைக்குப் போன அண்ணன், அக்காமார் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ஊர்ப் பிள்ளைகள் நாலு பேருக்கு ஒரு பாடத்தைத் தமிழில் விளக்கலாம். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கணினியும் இணைய இணைப்பும் இரவு வரை வேண்டும் என்று மனு கொடுக்கலாம். சீட்டு வாங்கித் தந்ததோடு பொறுப்பு முடிந்தது என்று பெற்றோரும் இருக்க வேண்டாம். பாடம் புரியாத தாய், தகப்பன்கூட 'இந்த செமஸ்டரில் அரியர் உண்டா? ஏன் விழுந்தது?' என்று கேட்கலாம். திட்டுவதற்காக அல்ல, ஒரே ஓர் அரியராக இருக்கும்போதே அதை முடித்துவிடுவதற்காக.